சூடானால் மட்டும் வரும் மிஸ்ஸிங்: ஒரு 1996 புல்லட்டும் இரண்டு கண்டன்சர்களும்

வண்டி 1996-ஆம் ஆண்டு புல்லட் 350. வார்ப்பிரும்பு பேரல், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பாயிண்ட் இக்னிஷன், வலப்பக்கக் கியர். பாயிண்ட் என்பது காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு தொடுமுனை; அது திறக்கும் கணத்தில் காயில் பிளக்குக்குப் பொறியைக் கொடுக்கும், அப்போது பாயிண்டிலேயே எழும் பொறியைக் கண்டன்சர் உள்வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும். ஐடிலிங்கில் குறையே சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து காவிரியின் வடகரை வழியாக முசிறிக்குப் போகும்போது, குணசீலம் நெருங்கும் வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிவிட்டு, அதன் பிறகு நான்காம் கியரில் 55 கி.மீ. வேகத்தைத் தாண்டியவுடன் எஞ்சின் இரண்டு மூன்று அடிகளை எரிக்காமல் விட்டு விட்டு இழுக்கத் தொடங்கும்; இதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். ஆக்சிலரேட்டரை இன்னும் திருகினால் சைலன்சரில் ஒரு வெடிச் சத்தம் கேட்கும். மேம்பாலம் ஏறும்போது தொல்லை மிக அதிகம். சாலையோரம் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் சில கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும்.

இந்தக் கடைசி அறிகுறியைத்தான் முதலில் இருந்தே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பழைய வண்டியில் மிஸ்ஸிங் என்றதும் எல்லோர் கையும் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. என்னுடையதும் அங்கேதான் போனது. பெட்ரோல் பக்கம் சோதிப்பது மலிவு என்பதும் ஒரு காரணம். மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருக்கும்போதே டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன்; மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருந்தால் திறந்ததும் சரியாகியிருக்கும், ஆகவில்லை. பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டபோது ஒரு நிமிடத்தில் 300 மி.லி.க்கு மேல் வந்தது. லிட்டருக்கு 35 கி.மீ. கொடுக்கும் வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்துக்குக் குடிப்பது 30 மி.லி.க்கும் குறைவு என்பதால், வருகிற பெட்ரோல் தேவையைப் போலப் பத்து மடங்கு. மிஸ்ஸிங்கின்போது சோக்கை இழுத்துப் பார்த்ததில் நிலைமை மோசமாயிற்றே தவிர முன்னேறவில்லை. பெட்ரோல் பற்றாக்குறையாக இருந்தால் சோக் கொஞ்சமாவது கைகொடுத்திருக்கும். இவ்வளவு தெரிந்த பிறகும் கார்புரேட்டரை இறக்கி, ஜெட்டுகளை ஊதி, 220 ரூபாய்க்கு ஒரு கேஸ்கெட் கிட்டும் போட்டு ஏற்றினேன். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் துருத்தூள் இருந்தது. அதை எடுத்ததில் வண்டிக்குக் கெடுதல் இல்லை. மிஸ்ஸிங்குக்கும் எந்தக் குறையும் இல்லை.

பெட்ரோல் போதாமல் ஒரு எஞ்சின் தளரும்போது இழுவை படிப்படியாக இறங்கும். இந்த வண்டியிலோ ஓர் அடி முழு வலுவுடன் விழும், அடுத்த அடி அறவே இருக்காது, அதற்கடுத்தது மீண்டும் முழுமையாக விழும். எரியாத கலவை சூடான சைலன்சருக்குள் போய்ப் பற்றிக்கொள்வதுதான் அந்த வெடிச் சத்தம். ஆகவே பிளக்கில் விழும் மின்பொறியின் பக்கம் திரும்பினேன்.

புல்லட்டின் ஹெட்லைட் தலைப்பகுதியில், பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் மின்சாரத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டரைப் பலர் அலங்காரமாகவே பார்க்கிறார்கள். இந்த வேலையில் அதுதான் முதல் கருவி. விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் முள் இடப்பக்கம் சுமார் 3 ஆம்பியர் சாய வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்திப் பாயிண்ட் திறக்கும் இடத்துக்கு வந்ததும் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும். திறந்த பிறகும் முள் திரும்பவில்லை என்றால் பாயிண்டின் இன்சுலேஷன் வாஷரோ கண்டன்சரோ எர்த் ஆகியிருக்கிறது, அதாவது மின்சாரம் வண்டியின் உலோக உடலுக்குள் கசிகிறது என்று பொருள். என் வண்டியில் முள் ஒழுங்காகத் திரும்பியது. பிறகு, ஓடும்போது மிஸ்ஸிங் வரும் கணத்தில் முள்ளைக் கவனித்தேன். சாவிச் சுவிட்சில் கம்பி விட்டு விட்டுத் தொட்டால், காயிலின் சுமை நீங்கும் அளவுக்கு முள் சார்ஜ் பக்கம் துள்ள வேண்டும். அப்படி எந்தத் துள்ளலும் இல்லை. காயிலுக்கு மின்சாரம் தடையில்லாமல் போகிறது என்பது இதிலிருந்து உறுதியாயிற்று. ஒயரிங்கைப் பிரித்துப் பார்க்கும் பெரிய வேலை இதனால் மிச்சமானது.

பிளக்கையும் பிளக் கேப்பையும் மாற்றியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பிளக்கின் பீங்கான் வெளிர் பழுப்பு நிறத்தில் நன்றாகவே இருந்தது. கேப்பின் உள்ளிருக்கும் ரெசிஸ்டர் மல்டிமீட்டரில் 5 கிலோ ஓம் காட்டியது. புதியவற்றுக்கு 210 ரூபாய் ஆனது, பலன் இல்லை.

வலப்பக்கம் பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தபோதுதான் ஏதோ ஒன்று தென்பட்டது. பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் அதற்குச் சரியாகப் பொருந்தும் மேடும் வளர்ந்திருந்தன. மேட்டின் மேல் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) வைத்து அளந்தபோது இடைவெளி 0.28 மி.மீ.; இருக்க வேண்டியது 0.35 முதல் 0.40 வரை. மேடு இருக்கும்போது தட்டையான கேஜ் காட்டும் அளவு உண்மை இடைவெளியைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால் அந்த 0.28-உம் நம்பத்தக்கதன்று. பாயிண்டைக் கழற்றி, மெல்லிய எண்ணெய்க் கல்லில் இரண்டு முகங்களையும் மட்டமாகத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்துத் துடைத்தேன். உப்புத்தாள் போடாதீர்கள், அதன் துகள் முகத்தில் பதிந்துகொண்டு புதிய தொல்லையைக் கிளப்பும். திரும்பப் பூட்டும்போது பாயிண்டின் ஸ்பிரிங், காயிலிலிருந்து வரும் கம்பி, கண்டன்சர் கம்பி மூன்றும் ஒரே திருகில் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் அவற்றில் எதுவும் பாயிண்ட் பூட்டியிருக்கும் அடித்தட்டைத் தொடக்கூடாது. ஃபைபர் வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இடைவெளியை 0.38 மி.மீ. வைத்தேன். இடைவெளி மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறும் என்பதால் டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) அதே கையோடு பார்த்தாக வேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். பிளக்கைக் கழற்றி, வால்வுகளைத் தள்ளும் புஷ்ராடுகள் இரண்டும் விரலால் சுழலும் கம்ப்ரஷன் நிலைக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்து, ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்கைத் துளையில் விட்டு உச்சப் புள்ளியைக் கண்டேன். வேகம் கூடும்போது பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள் முழுதும் சுருங்கிய நிலையில், உச்சத்துக்கு 0.8 மி.மீ. முன்னதாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தை அறியப் பழைய மெக்கானிக்குகள் சிகரெட் பெட்டியின் தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள்; நான் ஒரு சிறிய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைப் பாயிண்ட் திருகுக்கும் எர்த்துக்கும் இடையில் கொடுத்து, சாவியைப் போட்டுக்கொண்டு செய்தேன். பாயிண்ட் மூடியிருக்கும் வரை பல்ப் எரியாது, திறக்கும் கணத்தில் எரியும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் ஸ்போக் காட்டும் அளவை வைத்துப் பத்தில் ஒரு மி.மீ. துல்லியம் பேச முடியாது. ஆகையால் அடித்தட்டை ஏறத்தாழ வைத்துவிட்டு, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறதா, மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் நாக்கிங் என்னும் தட்டல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து நிலைநிறுத்தினேன்.

வண்டி தெளிவாக முன்னேறியது. முசிறி வரை போய்த் திரும்பினேன். இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது, சில நூறு கிலோமீட்டருக்குள் அதே இடத்தில் அதே மிஸ்ஸிங் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் அதே முகத்தில் மறுபடியும் குழி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் ஏற்பட வேண்டிய தேய்வு இவ்வளவு விரைவில் ஏற்பட்டால், பாயிண்ட் திறக்கும்போது எழும் பொறியைக் கண்டன்சர் உள்வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். எனவே 90 ரூபாய்க்கு ஒரு புதிய கண்டன்சர் வாங்கிப் போட்டேன். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. மிஸ்ஸிங் நிற்கவில்லை; தொடங்கும் இடம் மட்டும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப்போனது.

இந்த இடத்தில்தான் தேடல் நெடுந்தூரம் வழிதவறியது. புதிய கண்டன்சர் போட்டும் போகவில்லை, ஆகவே குறை கண்டன்சரில் இல்லை என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது காயில். சூடானால் உள்சுற்று விட்டுப்போகும் காயில்கள் உண்டு என்பதால் இது அறிவுக்குப் பொருந்தாத சந்தேகமும் இல்லை. குளிர்ந்த நிலையில் காயிலின் பேட்டரிப் பக்கச் சுற்றான பிரைமரி 3.6 ஓம், பிளக் பக்கச் சுற்றான செகண்டரி 9 கிலோ ஓமுக்குச் சற்று மேல். ஓடி நின்ற சூட்டில் பிரைமரி 4 ஓமைத் தாண்டியது. இந்த உயர்வைப் பார்த்ததும் குறை கிடைத்துவிட்டது என்று 750 ரூபாய்க்குப் புதிய காயில் வாங்கினேன். செம்பின் தடை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 4 சதவீதம் உயரும் என்பதைக் கணக்கிட்டிருந்தால், 30 டிகிரி சூடு கூடினால் 3.6 ஓம் 4 ஓமாவது முற்றிலும் இயல்பு என்று தெரிந்திருக்கும். புதிய காயிலும் சூட்டில் அதே அளவுக்கு ஏறியது. குணசீலம் தாண்டி அதே மிஸ்ஸிங்கும் வந்தது.

எங்கள் தெருவில் முன்பு பட்டறை வைத்திருந்து இப்போது வேலையை விட்டுவிட்ட ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் எந்த அளவையும் கேட்கவில்லை. "பாயிண்ட்ல நெருப்பு எப்படி வருதுன்னு பார்த்தீங்களா தம்பி? வீட்ல வெச்சு இல்ல, மிஸ்ஸிங் அடிக்கிற இடத்துல?" என்றார். பொறியின் பக்கம் நான் செய்த அளவைகள் அனைத்தும், ஆம்ப் மீட்டரையும் காயிலின் தடையையும் தவிர, வீட்டு நிழலில் ஆறிய எஞ்சினில் செய்யப்பட்டவை.

அடுத்த முறை மாலையில் கிளம்பி, மிஸ்ஸிங் நன்றாக முற்றும் வரை ஓட்டி, இருட்டத் தொடங்கும் நேரத்தில் சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். பாயிண்டின் இடையில் ஊசிமுனை அளவுக்கு நீலப்பொறி இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சளும் நீலமும் கலந்து வெல்டிங் போல எரிந்துகொண்டிருந்தது. ஐடிலிங்கிலேயே இப்படியென்றால் வேகத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் கைலியோ துண்டோ எஞ்சினுக்கு அருகில் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெட்ரோல் கசிவு இல்லை என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பையில் ஒரு பழைய அம்பாசடர் கார் கண்டன்சரும், இரு முனையிலும் குரோக்கடைல் கிளிப் வைத்த கம்பிகளும் எடுத்துப் போயிருந்தேன். வண்டியிலிருந்த கண்டன்சரின் கம்பியைத் திருகிலிருந்து விடுவித்துத் தனியே ஒதுக்கி, கார் கண்டன்சரின் கம்பியைப் பாயிண்ட் திருகிலும் அதன் உடலைச் சிலிண்டர் துடுப்பிலும் கிளிப் போட்டேன். பழைய கண்டன்சரைக் கழற்றாமல் புதியதைக் கூடவே சேர்த்துப் பார்ப்பது சோதனையாகாது. பழையது உள்ளே கசிந்தால் அந்தக் கசிவு அப்படியே இருக்கும், பக்கத்தில் எத்தனை நல்ல கண்டன்சர் வைத்தாலும் பயனில்லை. எஞ்சினைக் கிளப்பியதும் பாயிண்டில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கியது. கிளிப்புகளை டேப்பால் கட்டிக்கொண்டு, ஆறவிடாமல் அதே சூட்டில் முசிறி நோக்கி ஓட்டினேன், 70 கி.மீ. வேகத்திலும் ஓர் அடி தவறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய கண்டன்சர், 90 ரூபாய்க் கண்டன்சர், அம்பாசடர் கண்டன்சர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஹேர் டிரையரால் சூடேற்றி அளந்தேன். ஓடி நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே சமையலறை வெப்பமானி 75 டிகிரியைக் காட்டியிருந்ததால் அந்த அளவுக்கே சூடேற்றினேன். பழையதன் கொள்ளளவு குளிரில் 0.22 மைக்ரோஃபாரட், கசிவு இல்லை. சூட்டில் அளவு நிலைகொள்ளாமல் 0.3-க்கு மேல் ஓடியது, தடை 60 கிலோ ஓமுக்கு இறங்கியது. கண்டன்சரில் மீட்டர் காட்டும் தடை முடிவில்லாததாக இருக்க வேண்டும். 90 ரூபாய்க் கண்டன்சர் வேறு விதத்தில் கெட்டிருந்தது. குளிரில் 0.19, சூட்டில் கசிவே இல்லை, ஆனால் கம்பியை லேசாக அசைத்தால் அளவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததற்கு விழுந்து மீண்டும் 0.19-க்கு ஏறியது. உள்ளே பற்றவைப்பு விட்டிருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. அம்பாசடர் கண்டன்சர் இரு நிலையிலும் 0.21-இல் அசையாமல் நின்றது.

இரண்டு வெவ்வேறு கோளாறுகள் சாலையில் ஒரே அறிகுறியைக் காட்டியதால்தான் காயில் வரை போக நேர்ந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் கண்டன்சரைச் சோதிப்பது சில வோல்ட்டுகளில். வண்டியில் பாயிண்ட் திறக்கும்போது அதன் மேல் ஏறுவது சில நூறு வோல்ட்டுகள். எனவே மீட்டரில் தேறாதது நிச்சயம் கெட்டது என்று சொல்லலாம். மீட்டரில் தேறியது நல்லது என்று சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழை ஓடும் எஞ்சினின் பாயிண்ட் நெருப்புதான் கொடுக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வாக அம்பாசடர் கண்டன்சரையே பொருத்தியிருக்கலாம். ஆனால் அதுவும் வயதானது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இடமும் போதாது. மின்னணுப் பாகங்கள் விற்கும் கடையில் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், 105 டிகிரி வரை தாங்கும் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கப்பாசிட்டர் (கண்டன்சருக்கு இன்னொரு பெயர்) 25 ரூபாய்க்குக் கிடைத்தது; இரண்டு வாங்கினேன். இதன் குறை, கால்கள் மெல்லியவை. புல்லட்டின் அதிர்வில் ஒரு வாரம்கூடத் தாங்கா. எனவே கால்களை ஒட்ட நறுக்கி, பல இழை கொண்ட மென்மையான வண்டிக் கம்பியைப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, முழுவதையும் ஒரு பழைய மார்க்கர் பேனாவின் மூடிக்குள் வைத்து எபாக்சி ஊற்றி இறுகவிட்டேன். அது இருப்பது டேங்க்கின் கீழே, காயிலின் பக்கத்தில். எஞ்சின் சூடும் ஆயிலும் அங்கே குறைவு. ஒரு முனை காயிலில் பாயிண்ட் கம்பி வரும் திருகில், மறுமுனை காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டில், அந்த இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு. பாயிண்டிலிருந்து கண்டன்சர் விலகிப் போவதால் இடையிலுள்ள கம்பியும் சுற்றில் சேர்கிறது; அதன் தடை 0.1 ஓம்தான். நெருப்பு அம்பாசடர் கண்டன்சரைவிட மயிரிழை கூடுதலாகத் தெரிந்தது, ஆனாலும் ஊசிமுனை அளவைத் தாண்டவில்லை.

புதிய பாயிண்ட் செட் ஒன்றும் 240 ரூபாய்க்குப் போட்டேன், குழி விழுந்ததை மறுபடியும் தேய்த்தால் முகத்தின் கடினத் தகடு மிச்சமிராது என்பதால். 1,500 கி.மீ. கழித்துத் திறந்து பார்த்தேன். முகங்கள் சீரான சாம்பல் நிறத்தில் இருந்தன, இடைவெளி 0.38-லிருந்து 0.36-க்கு இறங்கியிருந்தது. அது பாயிண்டின் ஃபைபர் குதிங்கால், அதைத் தள்ளித் திறக்கும் கேமில் புதிதாகப் படிந்ததால் வந்தது. கேமில் ஒரு துளி கிரீஸ் வைத்துவிட்டு மூடினேன். சித்திரை வெயிலில் முசிறி தாண்டி ஓட்டியும் மிஸ்ஸிங் இல்லை.

செலவைக் கூட்டினால், குறையைத் தீர்த்தது 25 ரூபாய்க் கப்பாசிட்டரும் 240 ரூபாய்ப் பாயிண்டும், கம்பி குழாய் எபாக்சி வகையில் ஒரு 60 ரூபாயும். கேஸ்கெட், பிளக், கேப், கண்டன்சர், காயில் வகையில் போன 1,270 ரூபாயில் பிளக்கும் காயிலும் உபரியாகப் பெட்டியில் இருக்கின்றன, மற்றவை வீண்தான்.

இனி இப்படி ஒரு குறை வந்தால், சூட்டில் வரும் குறையைச் சூட்டிலேயே, பாயிண்ட் மூடியைத் திறந்து பார்ப்பது முதல் வேலையாக இருக்கும். பாயிண்டில் நெருப்பு சிறிதாக இருந்தால் மட்டுமே காயிலுக்கும் பிளக்குக்கும் போவேன். வாங்கும் கண்டன்சர் எதுவானாலும், வண்டியில் ஏறும் முன் மேசையில் சூடேற்றி, கம்பியை அசைத்து அளந்து பார்ப்பேன். இரண்டாவது ஃபிலிம் கப்பாசிட்டரையும் அதேபோல் எபாக்சியில் வார்த்து, கிளிப் கம்பிகளோடு டூல் பாக்ஸில் போட்டுவைத்திருக்கிறேன்.

மிச்சமிருக்கும் வேலை ஒன்று: டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் லேசாகக் கசிந்து, அடித்தட்டின் கீழே ஆயில் படலம் சேர்கிறது. அது பாயிண்ட் முகத்துக்கு ஏறினால் பொறி மறுபடியும் கெடும். சீலை மாற்ற டைமிங் கவரைக் கழற்ற வேண்டும் என்பதால் அடுத்த ஆயில் மாற்றத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அதுவரை 500 கி.மீ.க்கு ஒருமுறை மூடியைத் திறந்து துணியால் துடைத்து, தாளை இடையில் விட்டு இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.